உங்களுக்குத் தெரியுமா? விமான எரிபொருளுக்கு வரி போட உலகளாவிய தடை இல்லை!

பன்னாட்டு விமானங்களின் எரிபொருளுக்கு வரி விதிப்பதை, பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கை தடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 1944 டிசம்பர் 7-ல் கையெழுத்தான அதன் 24-வது பிரிவு சொல்வது வேறு: வந்திறங்கும்போதே டாங்கியில் இருந்து, அதிலேயே திரும்பிப் போகும் எரிபொருளுக்குத்தான் சுங்கவரி விலக்கு. புதிதாக நிரப்புவதற்குப் பெரும்பாலும் விலக்கு தருபவை, நாடுகள் தமக்குள் செய்துகொண்ட இருதரப்பு ஒப்பந்தங்களே. உள்நாட்டு விமானங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது; இந்திய மாநிலங்கள் அவற்றின் எரிபொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி வசூலிக்கின்றன.

ஒரு நாடு மட்டும் வரி போட்டால், விமானங்கள் வேறு நாட்டில் டாங்கியை நிரப்பிக்கொண்டு வந்துவிடாதா? வரலாம், அந்தக் கூடுதல் எடையைச் சுமக்கவே கூடுதல் எரிபொருள் செலவாகும். ஆனால் வரியே கூடாது என்பதற்கு இது காரணமாகாது. அண்டை நாடுகள் சேர்ந்து விதிக்க வேண்டும் என்பதற்கே காரணம். அதற்குத் தடையாக உள்ள இருதரப்பு ஒப்பந்தத்தைத் திருத்த, சம்பந்தப்பட்ட இரு நாடுகள் இசைந்தால் போதும். சிகாகோ உடன்படிக்கையில் உள்ள 193 நாடுகளின் சம்மதம் தேவையில்லை.