“கேட்டால் உறவினர் என்று சொல்”: வாடகை அறை கற்றுத்தந்த பாடம்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை. ஜூரோங் வெஸ்ட்டில் நான் தங்கியிருந்த நான்கறை வீட்டின் கதவை யாரோ தட்டினார்கள். வரவேற்பறையில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தவர் சட்டென எழுந்து, “திறக்காதே” என்று கைகாட்டினார். சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலடிச் சத்தம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பிறகுதான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

வந்தவர் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி. கொசுப் புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்!

மாதந்தோறும் வாடகை கொடுக்கும் வீட்டில் நான் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்? அன்று எழுந்த அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை தேடும் மாணவர்கள் பலர். அவர்களில் ஒருவருக்காவது இது உதவினால் நான் இழந்த பணம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்பது பேர் வாழ்ந்த வீடு

நான் ஜொகூரிலிருந்து இங்கு வந்து படிப்பவள். முதலாண்டில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். இரண்டாம் ஆண்டில் இடம் கிடைக்கவில்லை. சமூக ஊடகக் குழு ஒன்றில் பார்த்த விளம்பரம் என்னை அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றது. அறையை மூன்று பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒருவருக்கு 500 வெள்ளி. வாடகை வசூலித்தவரை எல்லாரும் ‘அக்கா’ என்றுதான் அழைத்தோம். ஒரு மாத வாடகையை முன்பணமாக ரொக்கமாகக் கொடுத்தேன். ஒப்பந்தமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. “யாராவது வந்து கேட்டால் உறவினர் என்று சொல்” என்பது மட்டுமே அவர் போட்ட விதி. வாடகை குறைவு, பல்கலைக்கழகம் பக்கம். எனவே நானும் வேறெதுவும் கேட்கவில்லை.

கதவு தட்டப்பட்ட சில வாரங்களில் வீட்டின் உண்மையான உரிமையாளர் வந்தார். அறுபது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. தடுப்பையும் தரையில் கிடந்த மெத்தைகளையும் பார்த்துவிட்டு, “ஏம்மா, நீங்கள்லாம் யாரு? மூணு பேருக்குத்தானே நான் வீட்டக் கொடுத்தேன்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ‘அக்கா’ உரிமையாளர் அல்லர், அவரும் ஒரு வாடகைதாரர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு வாரத்தில் காலி செய்ய வேண்டியதாயிற்று. ‘அக்கா’ தொலைபேசியை எடுக்கவே இல்லை. முன்பணம் 500 வெள்ளியும் போயிற்று.

உரிமையாளர் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் வாடகை வீடுகளுக்கென ஒரே சட்டம் கிடையாது. நாம் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒரு பக்கம், பல அமைப்புகளின் விதிமுறைகள் மறுபக்கம் என்று கடமைகள் பிரிந்து கிடக்கின்றன.

வீவக வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடுமுன் உரிமையாளர் வீவகவின் ஒப்புதலைப் பெற வேண்டும். குடியேறும் ஒவ்வொருவரின் விவரமும் அதில் பதிவாக வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது 6 மாதங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். வீவக கட்டிக்கொடுத்த படுக்கையறைகளை மட்டுமே அறையாக வாடகைக்கு விடலாம். வரவேற்பறையில் பலகையை நிறுத்தி அதை ‘அறை’ என்று சொல்ல முடியாது.

ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மூவறை வீட்டில் 6 பேர். நான்கறை மற்றும் அதைவிடப் பெரிய வீடுகளிலும் 6 பேராக இருந்த வரம்பு, 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 பேருக்கு உயர்த்தப்பட்டது. அறையை மட்டும் வாடகைக்கு விடும் உரிமையாளர் அதே வீட்டில் தொடர்ந்து வாழ வேண்டும். அவரும் அவர் குடும்பமும் அந்தக் கணக்கில் அடங்குவர். நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அது வரம்பைத் தாண்டியதுதான்.

வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுபவர் செய்தாக வேண்டிய சோதனைகள் மூன்று. முதலாவது, மூல அனுமதியைப் பார்ப்பது. இரண்டாவது, அதைக் கடப்பிதழுடன் ஒப்பிடுவது. மூன்றாவது, அனுமதி இன்னும் செல்லுபடியாகிறதா என்று மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் உறுதிசெய்வது. இவற்றைச் செய்யாமல், சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவருக்கு இடம் கொடுத்துவிட்டால் உரிமையாளர் சிறைக்கும் செல்ல நேரிடலாம். ஆக, உங்கள் மாணவர் அனுமதியைக் கேட்கும் உரிமையாளர் தொந்தரவு கொடுப்பவர் அல்லர், தம் கடமையைச் செய்பவர். கேட்காதவரைப் பார்த்துத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். ‘அக்கா’ என் அனுமதியை ஒருநாளும் கேட்டதில்லை.

சாவியைக் கொடுத்ததோடு உரிமையாளரின் கடமை முடிவதில்லை. வாடகைதாரர் உள்வாடகைக்கு விடாமல் இருக்கிறாரா என்று அவ்வப்போது வந்து பார்ப்பதும் அவர் பொறுப்பு. எங்கள் வீட்டு உரிமையாளர் ஓராண்டுக்கும் மேல் எட்டிப் பார்க்கவில்லை. விதிமீறலுக்கு எச்சரிக்கை, அபராதம் தொடங்கி, வீட்டையே வீவக எடுத்துக்கொள்ளும் நடவடிக்கை வரை உண்டு. “எனக்குத் தெரியாது” என்று அன்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது ஏன் என்பது இப்போது புரிகிறது.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு

பழியை முழுவதும் மற்றவர்மீது போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் நாங்களும் ஒழுங்காக இருக்கவில்லை.

காலணி அலமாரியும் இரண்டு மிதிவண்டிகளும் வாசலில் நின்றன. தீ விபத்து நேர்ந்தால் அண்டை வீட்டார் ஓடிவர வேண்டிய வழி அது. வீவக புளோக்குகளின் பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை. எங்கள் வாசலை நான் அளந்து பார்த்ததில்லை. எதிர்வீட்டுப் பாட்டி பக்கவாட்டில் திரும்பி நடந்ததை மட்டும் தினமும் பார்த்திருக்கிறேன்.

குளியலறை வாளியில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். “அது உன் முறை, இது என் முறை” என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுவோம். வீட்டில் கொசு இனப்பெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் குறைந்தது 200 வெள்ளி அபராதம். வீட்டின் சொந்தக்காரர் யார் என்பதைவிட, அங்கே குடியிருப்பது யார் என்பதே அங்கு முக்கியம்.

ஒரே மின்செருகியில் நான்கைந்து கருவிகளைப் பொருத்தியிருந்தோம். மின்ஸ்கூட்டரை இரவெல்லாம் மின்னேற்றம் செய்யவிட்டுத் தூங்குவார் ஒருவர். ஒன்பது பேர் உறங்கும் வீட்டில் வெளியேற ஒரே கதவு. அதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளிலும், தீப் பாதுகாப்பு தொடர்பான புதுப்பிப்புப் பணி நடக்கும் பழைய வீடுகளிலும் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எங்கள் வீட்டில் அது இல்லை, கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

பணம் கொடுக்கும் முன்

முன்பணத்தைத் திரும்பப் பெற வழியே இல்லையா? உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்கள் தொடர்பான பூசல்களைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கிறது. 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நமக்காக நாமே பேசவேண்டும்.

இவற்றையெல்லாம் படித்து உற்சாகமாக மனுவை நிரப்ப உட்கார்ந்தேன். முதல் கேள்வியிலேயே கை நின்றுவிட்டது. எதிர்த்தரப்பின் முழுப் பெயர் என்ன? முகவரி என்ன? எனக்குத் தெரிந்தது ‘அக்கா’ என்ற சொல்லும், வேலை செய்யாத ஒரு தொலைபேசி எண்ணும்தான்.

அதனால்தான் இந்தச் சில பழக்கங்களை இப்போது விடாமல் பின்பற்றுகிறேன்.

* வீட்டு உரிமையாளரின் முழுப் பெயரையும் வீவக ஒப்புதலையும் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

* முகவர் மூலம் சென்றால், சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ளனவா என்று பார்க்கிறேன். வீவக வீட்டு வாடகையில் முன்பணத்தையோ வாடகையையோ முகவர் கையாளவே கூடாது. அது நேராக உரிமையாளரிடம் செல்ல வேண்டும்.

* ரொக்கத்தைத் தவிர்த்து, பதிவு இருக்கும் வகையில் வங்கி மூலம் செலுத்துகிறேன்.

* ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 14 நாள்களுக்குள் முத்திரை வரி செலுத்துகிறேன். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 800 வெள்ளி என்றால் ஓராண்டுக்கு 9,600 வெள்ளி வாடகை. வரி 38 வெள்ளிதான். முத்திரையில்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது.

* குடியேறும் நாளிலேயே சுவர், மெத்தை, குளிரூட்டி என எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புகிறேன்.

நானே ‘அக்கா’ ஆகப் பார்த்தேன்

இப்போது நான் இருப்பது கிளமெண்டியில். உரிமையாளர் தம்பதியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். வாடகை முன்பைவிட 300 வெள்ளி அதிகம். அதற்காக வார இறுதிகளில் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த ஆண்டு மே மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது, என் துறையில் படிக்கும் தங்கை ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள். “அக்கா, ரெண்டு மாசம் உங்க ரூம்ல தங்கிக்கட்டுமா? மாசம் 600 வெள்ளி தரேன். வீட்டுக்காரங்ககிட்ட சொந்தக்காரப் பொண்ணுனு சொல்லிடுங்க.”

1,200 வெள்ளி. நான் ஊரில் இருக்கும்போது வெறுமனே பூட்டிக் கிடக்கப்போகும் அறை. “சரி” என்று தட்டச்சு செய்தும்விட்டேன். அனுப்பும் முன் அவள் எழுதிய முதல் சொல் கண்ணில் பட்டது. அக்கா.

வாடகைதாரர் வீவக வீட்டை உள்வாடகைக்கு விட அனுமதியில்லை. இரண்டு மாதத் தங்கலும் முடியாது, ஏனெனில் குறைந்தது 6 மாதங்கள். தனியார் வீடுகளில்கூடக் குறைந்தது 3 மாதங்கள். அவளுடைய அனுமதியை யார் சோதித்திருப்பார்கள்? கதவு தட்டப்பட்டால் அவளும் சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பாள்.

“முடியாதும்மா” என்று எழுதி, காரணத்தையும் விளக்கினேன். இரண்டு நாள் அவள் பதில் போடவில்லை. பிறகு பல்கலைக்கழக விடுதியில் விடுமுறைக் காலத் தங்கலுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று கேட்டாள். இருவரும் சேர்ந்து படிவத்தை நிரப்பினோம். இடம் கிடைத்தது.

அண்மையில் கிளமெண்டி வீட்டிலும் ஒரு காலை கதவு தட்டப்பட்டது. மீண்டும் கொசுச் சோதனைதான். நானே போய்த் திறந்தேன். “நீங்கள் இந்த வீட்டில் குடியிருப்பவரா?” என்று அதிகாரி கேட்டார். “ஆமாம்” என்றேன்.