பெயரும் எண்ணும்

1969ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகிய அறிஞர்களின் முயற்சியால் யூனிக்ஸ் தோன்றிற்று. கணினியை இயக்கும் அவ்வமைப்பும், அதன் வழியில் எழுந்த லினக்ஸ் முதலியனவும் மனிதரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகின்றன. ஒரு கோப்பு இன்னாருக்கு உரியது என்பதும் எண்ணாகவே குறிக்கப்பெறுகிறது. பெயர், மக்களின் வசதிக்கு இட்டதே.

தொடக்கத்தில் ஒவ்வொரு கணினியும் தன்னைப் பயன்படுத்துவோரின் பட்டியலைத் தன்னிடமே வைத்திருந்தது. கணினிகள் பெருகவே, எல்லாருடைய கணக்குகளையும் ஒரு தலைமைக் கணினியில் வைத்து, ஏனையவை அதனைக் கேட்டறியும் முறை வந்தது. அவ்வாறு ஓர் ஆட்சிக்கு உட்பட்ட கணினிக் கூட்டத்தை டொமைன் என்பர்.

அங்கே ஒருவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் பிழையற இட்டும் கணினி உள்ளே விட மறுப்பதுண்டு. பல நாள் உழைப்பெல்லாம் உள்ளே; அவரோ வெளியே! உடனே கடவுச்சொல்லை மாற்றப் புகுதல் பலர் இயல்பு. அது நோய் அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். கணினி அவரை அறிந்துள்ளதா என்பதே முதற்கேள்வி. ‘ஐடி’ என்னும் கட்டளையோடு பெயரை இட்டால், அறிந்திருப்பின் அவருடைய எண்ணைக் கூறும். இன்றேல் அப்படி ஒருவர் இல்லை என்னும். முழுப் பட்டியலைக் கேட்டு, அதில் பெயரைக் காணாது கலங்குதல் வேண்டா. சுமை மிகுமென்று டொமைன் கணக்குகளைப் பட்டியலில் காட்டாது விடுதல் பல அமைப்புகளின் வழக்கம்.

பெயர் தெரிந்தும் கதவு திறவாதாயின், கடிகாரத்தைப் பார்த்தல் நன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983இல் தொடங்கிய அதீனாத் திட்டத்தில் பிறந்தது கெர்பெரோஸ் என்னும் காவல் முறை. விண்டோஸ் 2000 முதல் விண்டோஸ் டொமைன்களும் அதனை மேற்கொண்டன. கிரேக்கப் புராணத்தில் கீழுலக வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது; பொருத்தமான பெயரே! இம்முறையில் கடவுச்சொல் வலையமைப்பில் செல்வதில்லை. அனுமதிச் சீட்டும், அதனைக் காட்டும் நேரமுமே செல்கின்றன. வழியில் ஒருவன் அவற்றைக் களவாடிப் பின்னர்க் காட்டி நுழையாதிருக்கும்பொருட்டு, இரு கணினிகளின் நேரமும் பொதுவாக 5 நிமிடத்திற்குமேல் வேறுபடலாகாது என வரையறுத்தனர். ஆறு நிமிடம் பின்தங்கிய கடிகாரம், கள்வனை அன்றி, உரியவரையே வாயிலில் நிறுத்திவிடும். நேரத்தைத் திருத்தினால், பழைய கடவுச்சொல்லே கதவைத் திறக்கும்.

இவற்றினும் கொடியது எண் மயக்கம். விண்டோஸ் டொமைன் தருகின்ற நீண்ட அடையாளத்தை யூனிக்ஸ் எண்ணாக மாற்றித் தருவது, 1992இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் முதன்முதல் வெளியிட்ட சாம்பா மென்பொருளின் ஒரு பகுதி. வந்தவர் வரிசைப்படி ஒவ்வொரு கணினியும் தனித்தனியே எண் வழங்குமாயின், ஒருவர் ஓரிடத்தில் 10001, மற்றோரிடத்தில் 10007 ஆவார். எண்ணை மட்டும் நம்பும் பொதுக் கோப்பகத்தில் அவர் எழுதிய கடிதம் பிறர் உடைமையாகிவிடும். கணினியோ பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாது. ஆதலின், டொமைன் அடையாளத்திலிருந்தே ஒரே கணக்கின்படி எண்ணைப் பெறுமாறு எல்லாக் கணினிகளையும் அமைத்தல் வேண்டும். பழைய எண்ணில் கிடக்கும் கோப்புகளைத் தேடி உரியவர்க்கு மாற்றும் வேலை அதன்பின்னும் மீந்திருக்கும்.