தங்கவயலில் ஒரு தேடல்

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியை ஏற்றபின், வட ஆர்க்காட்டிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. எங்கள் கொள்ளுப்பாட்டனாரும் அவ்வாறு சென்றவரே, திரும்பி வரவில்லை.

அவரது கல்லறையைத் தேடிச் சென்ற தை மாதம் பெங்களூரிலிருந்து கூடாரங்களுடன் காரில் புறப்பட்டோம். அந்தரகங்கை மலையடிவாரத்தில் இரவைக் கழித்து, மறுநாள் தங்கவயலை அடைந்தோம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது; சயனைடு மண்மேடுகளே குன்றுகளாய் நிற்கின்றன.

இடுகாட்டில் துரைமார் கல்லறைகளில் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. தொழிலாளர் பகுதியிலோ முட்புதர்களே மண்டிக் கிடந்தன. லைன் வீடொன்றில் வாழும் மூதாட்டி, எங்கள் குடும்பத்தைத் தம் தாயார் சொல்லக் கேட்டதாகக் கூறி, ஒரு வேப்பமரத்தைச் சுட்டினார். அவர் சொல்லே சான்று. அங்கே விளக்கேற்றி வணங்கினோம்.

பத்திரங்களைப் பேணும் நாம், முன்னோர் துயிலும் இடத்தையும் எழுதி வைத்தல் நன்று. வீட்டுப் பெரியோரிடம் இன்றே கேளுங்கள். அவர்களோடு அந்த அடையாளமும் மறைந்துவிடும்.