உடம்பு எங்கே என்று தெரியாமல் போனால்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. மெழுகுவத்தி வரட்டும் என்று நாம் காத்திருப்பதில்லை. கும்மிருட்டிலும் பிசைந்த கவளம் கன்னத்தில் இடிக்காமல், மூக்கில் ஒட்டாமல் நேராக வாய்க்கு வந்துவிடுகிறது. முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, கை எந்த உயரத்தில் இருக்கிறது, கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் பார்க்காமலே நமக்குத் தெரிகிறது. இதைத் தெரியவைக்கும் புலனுக்குப் பள்ளிப் பாடத்தின் ஐம்புலன் பட்டியலில் இடம் கிடையாது. மருத்துவர்கள் புரோப்ரியோசெப்ஷன் என்பார்கள். நிலை உணர்வு என்று சொல்லலாம்.

நம் தசைகளுக்குள்ளே சில மில்லிமீட்டர் நீளமுள்ள தசைக்கதிர்கள் ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கின்றன. தசை நீளும்போது அவையும் இழுபட்டு, எவ்வளவு நீண்டது, எத்தனை வேகத்தில் நீண்டது என்ற செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் இருக்கும் வேறு உணர்விகள் எவ்வளவு விசை விழுகிறது என்று சொல்லும். இந்தச் செய்திகள் தடித்த, வேகமான நரம்பிழைகளில் ஏறி, தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக மூளைக்குப் போகின்றன. வலிக்கும் சூடு குளிர்ச்சிக்கும் மெல்லிய இழைகள். தண்டுவடத்திலும் அவற்றின் பாதை வேறு. அதனால்தான் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று பிழைத்திருக்க முடிகிறது.

இந்த உணர்வு ஏமாறவும் செய்யும். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மூக்கைப் பிடித்திருக்கும் ஒருவரின் முன்கையை மடக்கும் தசையின் நாணில் அதிர்வுக் கருவியை வைத்தால், தசை நீள்வதாக மூளை நினைத்துக்கொள்ளும். கை முகத்தைவிட்டு விலகிப்போவது போலத் தெரியும். விரலோ மூக்கிலேயே இருக்கிறது. இரண்டையும் சமாதானப்படுத்த மூளை ஒரு முடிவுக்கு வருகிறது: மூக்கு நீளமாக வளர்ந்துகொண்டிருக்கிறது! ஆய்வுக்கூடத்தில் பலர் இதை உணர்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஏமாறுவது இருக்கட்டும். இந்தப் புலன் அடியோடு போய்விட்டால்?

1971இல் இயன் வாட்டர்மன் என்ற ஆங்கிலேய இளைஞருக்கு வயது 19. ஜெர்சி தீவில் இறைச்சிக் கடையில் வேலை. காய்ச்சல் கண்டது, சில நாட்களில் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தார். நோய்க்கிருமியை எதிர்க்கவேண்டிய உடலின் தற்காப்பு, கழுத்துக்குக் கீழே உள்ள தடித்த உணர்வு நரம்பிழைகளையே தாக்கி அழித்துவிட்டது என்பதுதான் மருத்துவர்கள் பின்னர் வந்து சேர்ந்த விளக்கம். தொடு உணர்வும் நிலை உணர்வும் போயின. வலி, சூடு, குளிர்ச்சி தெரிந்தன. தசைகளுக்கு ஆணை கொண்டுபோகும் நரம்புகளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே இது பக்கவாதம் அல்ல. கையை அசை என்றால் கை அசையும். எங்கே போகும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. படுக்கையில் கிடக்கும்போது மெத்தை முதுகில் படவில்லை. அந்தரத்தில் மிதப்பதாகவே இருந்தது. இனி சக்கர நாற்காலிதான் என்ற பேச்சு எழுந்தது.

அவர் அதை ஏற்கவில்லை. படுத்தபடியே யோசித்தார். உட்கார எந்தத் தசை முதலில் இறுக வேண்டும்? வயிற்றுத் தசை. அதைக் கண்ணால் பார்த்தபடி இறுக்கினார். தலையை முன்னால் கொண்டுவந்தார். பல வாரப் பயிற்சிக்குப் பிறகு ஒருநாள் எழுந்து உட்கார்ந்தேவிட்டார். அந்த மகிழ்ச்சியில் கவனம் சிதறியது, கட்டிலிலிருந்து விழப்பார்த்தார். இந்த நோயின் முழுக் கொடுமையும் அந்த ஒரு கணத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மகிழ்ச்சியடையக்கூட அவருக்கு மிச்சக் கவனம் இல்லை.

பிறகு உண்ணவும் நிற்கவும் நடக்கவும் ஒவ்வொன்றாகக் கற்றார். அலுவலக வேலைக்குப் போனார். கார் ஓட்டினார். பார்ப்பவர்களுக்கு ஏதோ சற்று விறைப்பாக நடப்பவர் என்று மட்டும்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு அடியையும் அவர் பார்த்து, திட்டமிட்டு வைக்கிறார். நடந்துகொண்டே பகல்கனவு காண முடியாது. தலை கனக்கும் ஜலதோஷம் பிடித்தால் படுத்துவிட வேண்டியதுதான், நடப்பதற்கான யோசனை ஓடாது. ஒரு பொருளின் கனத்தைக்கூட அவர் கண்ணால்தான் அளக்கிறார்: தூக்கும்போது கை எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்துக் கணிப்பார். கண்ணை மூடச் சொன்னால் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விடும். விளக்கு அணைந்தாலோ நின்ற இடத்திலேயே சரிந்து விழுவார்.

நரம்பியல் ஆய்வாளர் ஜோனதன் கோல் பல ஆண்டுகள் இவரோடு பழகி, இவருடைய வாழ்க்கையை 1991இல் ஒரு நூலாக எழுதினார். அந்த நூலின் தலைப்பிலேயே தினசரி மாரத்தான் ஓட்டம் இடம்பெற்றிருக்கிறது. அவ்வளவு உழைப்பு.

ஒரு புலன் போனால் மற்றப் புலன்கள் தாமாகவே கூர்மையாகிவிடும் என்று ஆறுதலாகச் சொல்வது வழக்கம். வாட்டர்மனின் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவருடைய கண்பார்வை மற்றவர்களுடையதைவிடக் கூர்மையாகிவிடவில்லை. அதன் தலையில் இன்னொரு வேலை ஏற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலைக்கான கூலியை அவர் கவனமாகவும் களைப்பாகவும் அன்றாடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனாலும் இழப்பு சில வினோதமான கதவுகளைத் திறந்துவிடுகிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திரத்தின் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டிப் பாருங்கள். மூலை திரும்பும் இடத்தில் கை திணறி நின்றுவிடும். கண் ஒரு திசை சொல்ல, தசைகள் வேறு திசை சொல்வதால் வரும் சண்டை அது. நிலை உணர்வை இழந்த கனடாப் பெண் ஒருவரிடம் இதைக் கொடுத்தபோது, முதல் முறையிலேயே தடங்கலின்றி வரைந்துவிட்டார். சண்டை போட அவருக்குள் இரண்டாவது குரலே இல்லை. இந்த ஆய்வு 1992இல் வெளியானது.

இன்னொன்று இதைவிட ஆச்சரியம். வாட்டர்மனின் கைகளை அவர் பார்வைக்குப் படாமல் மறைத்துவிட்டால், எதிரே இருக்கும் பொருளை அவரால் எடுக்க முடியாது. அதே மறைப்போடு ஒரு கார்ட்டூன் படத்தின் கதையைச் சொல்லச் சொன்னார்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டேவிட் மெக்நீல் குழுவினர். பேசத் தொடங்கியதும் கைகள் தாமாக எழுந்து, சொல்லுக்குச் சரியான நேரத்தில் அபிநயம் பிடித்தன. பேச்சோடு வரும் கையசைவு, பொருளை எடுக்கும் கையசைவைப் போல உடலின் கண்காணிப்பை நம்பி இருக்கவில்லை. அது மொழியோடு கட்டுண்டு வருகிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இந்தப் புலனின் மூலக்கூறும் இப்போது தெரிந்துவிட்டது. நரம்பு முனை இழுபடும்போது திறந்து மின்செய்தியைத் தொடங்கிவைக்கும் பீசோ2 என்ற புரதம் அது. இதையும் இதன் இணையான பீசோ1ஐயும் 2010இல் கண்டறிந்ததற்காக ஆர்டெம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பீசோ2 மரபணு வேலை செய்யாமல் பிறந்த இருவரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள்: ஒரு சிறுமி, ஓர் இளம்பெண். இருவரும் நடக்கிறார்கள். கண்ணைக் கட்டினால் தடுமாறுகிறார்கள்.

இதெல்லாம் எங்கோ லட்சத்தில் ஒருவருக்கு வரும் கதை என்று விட்டுவிட முடியாது. இந்த உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது நம் ஊரிலும் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க், தண்டுவடம் பாதித்தவர்கள் கண்ணைத் திறந்து நிற்கும்போது நன்றாக நின்று, மூடியதும் ஆடுவதைக் குறித்துவைத்தார். இன்றும் நரம்பியல் மருத்துவர்கள் காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வது அதற்காகத்தான். அவர்கள் கேட்கும் கேள்விகளும் எளியவை. வாஷ்பேசினில் கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா? பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறதா? செருப்பு கழன்றுபோனது தெரியாமல் நடந்திருக்கிறீர்களா?

பி12 வைட்டமின் குறைந்தால் தண்டுவடத்தின் அதே பின்பாதை கெடும். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இது இயற்கையாகக் கிடைக்கிறது என்பதால் சைவ உணவுக்காரர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கும் அப்படித்தான். நீண்டகாலச் சர்க்கரை நோயே கால் நரம்புகளைக் கெடுத்து இந்த உணர்வை மங்கச் செய்வதும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் இருட்டில் மட்டும் தடுமாறினால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் பி12 குறைபாடு தெரிந்துவிடும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். ஆனால் தாமதமானால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பாது. எனவே சீக்கிரம் மருத்துவரிடம் காட்டுங்கள்.