பழைய போர்வெல் கம்ப்ரசரைப் பட்டறைக்கு மாற்றலாம்... முதலில் டேங்கைச் சோதியுங்கள்!

சிவகங்கை மாவட்டம், கீழச்சிவல்பட்டி போன்ற கண்மாய்ப் பாசன ஊர்களில் கண்மாய் வற்றினால் போர்வெல்தான் துணை. மணல் வருகிற, தண்ணீர் குறைவாக ஊறுகிற போர்வெல்லில் ஒரு காலத்தில் பலரும் கம்ப்ரசரைத்தான் நம்பினார்கள். மெல்லிய குழாய் வழியாகக் காற்றை உள்ளே அனுப்பினால், அது தண்ணீரோடு கலந்து, எடை குறைந்த தண்ணீர் மேலே ஏறி வரும். போருக்குள் தேயக்கூடிய பாகம் எதுவும் இல்லை என்பது இதன் பலம். ஆனால், மின்சாரம் அதிகம் தின்னும். நீர்மூழ்கி மோட்டார் பரவியதும் பல கம்ப்ரசர்கள் மோட்டார் ரூமின் மூலைக்குப் போய்விட்டன.

கோவையில் 1960-ல் தொடங்கப்பட்ட எல்ஜி போன்ற நிறுவனங்கள் தயாரித்த வார்ப்பிரும்பு ஹெட்கள் சுலபத்தில் வீணாவதில்லை. அதைச் சீர்செய்தால் டிராக்டர் டயருக்குக் காற்றடிக்க, ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய, கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வீட்டிலேயே வசதி கிடைக்கும். ஆனால் வேலையை ஹெட்டில் தொடங்கக் கூடாது. டேங்கில் தொடங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் துரு

காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்கும். மழைக்காலத்தில் இது இன்னும் அதிகம். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. காரைக்குடியில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய 'சிக்ரி' எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்றே இந்த உலோக அரிப்புதான். டேங்கின் வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும், உள்ளே தகடு காகிதமாக மெலிந்திருக்கலாம்.

சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் என்றால், 10 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஓர் உள்ளங்கை அளவு தகட்டை 700 கிலோ விசை வெளியே தள்ளுகிறது. மெலிந்த தகடு கிழிந்தால் டேங்க் குண்டுபோல வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

அதனால், டேங்கைக் கழற்றி 'ஹைட்ரோ டெஸ்ட்' செய்யும் இடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளே காற்றே இல்லாதபடி தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் காற்றைப்போலச் சுருங்கி விரியாது என்பதால், தகடு விட்டாலும் வெடிக்காமல் கசிவோடு நின்றுவிடும். கசிவு, புடைப்பு, கேஜ் முள் இறக்கம் எது தெரிந்தாலும் அந்த டேங்க் வேண்டாம். துருப்பிடித்த இடத்தில் வெல்டிங் ஒட்டுப் போடுவதும், பழைய கேஸ் சிலிண்டரை டேங்க் ஆக்குவதும் கூடவே கூடாது. கழித்த டேங்கைத் துளையிட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்கள். வேறொருவர் வாங்கிப் பயன்படுத்த வழி இருக்காது.

ஹெட், மோட்டார், பெல்ட்

டேங்க் தேறியபிறகு ஹெட்டுக்கு வரலாம். பெல்ட்டைக் கழற்றி ஃபிளைவீலைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காமல், சிலிண்டருக்குள் ஆயில் விட்டு ஊற விடுங்கள். பழைய ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வால்வு பிளேட்டில் கரி இருந்தால் சுரண்டி எடுத்து, கேஸ்கட்டை மாற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் சொட்டு ஈரமில்லாமல் துடைத்து உலர்த்துவது அவசியம். மிச்சமிருந்தால் அழுத்தத்தில் தீப்பற்றும். பிறகு, கம்ப்ரசருக்கான ஆயிலைக் குறியளவு வரை ஊற்றுங்கள்.

போர்வெல் செட்டில் இருப்பது பெரும்பாலும் மும்முனை மோட்டார். வீட்டில் ஒருமுனை இணைப்பு என்றால் சிறிய மோட்டார்தான் போட முடியும். அதற்கேற்ப மோட்டார் புல்லியையும் சிறிதாக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 4 அங்குல புல்லியும் 12 அங்குல ஃபிளைவீலும் இருந்தால், ஹெட் 480 சுற்று ஓடும். புல்லியை 3 அங்குலமாக்கினால் 360 சுற்று. காற்று மெதுவாக நிரம்பும், மோட்டார் திணறாது. ஃபிளைவீல் காற்று சிலிண்டர் பக்கம் வீச வேண்டும். இல்லாவிட்டால் ஹெட் சூடேறும்.

விவசாயப் பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தில் பட்டறையை ஓட்டக் கூடாது. அது விதிமீறல்.

விட்டுவிடக் கூடாதவை

* சேஃப்டி வால்வு, பிரஷர் ஸ்விட்ச், கேஜ் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். சேஃப்டி வால்வு கசிகிறது என்று அந்த இடத்தை அடைப்பது டேங்கை வெடிக்க வைக்கும் வழி.

* மிச்சமிருக்கும் பி.வி.சி குழாயில் காற்று லைன் போடாதீர்கள். உடைந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இரும்புக் குழாயோ, காற்றுக்கான ரப்பர் ஹோஸோ போதும்.

* ரேடியேட்டரை ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். ஏர் ஃபில்டரை உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் ஊதுங்கள். கண்ணாடி அணிவது அவசியம்.

* உடம்பிலும் உடையிலும் இருக்கும் தூசியைக் காற்றால் தட்டக் கூடாது. பிள்ளைகள் விளையாட்டாகக்கூட கன்னைத் தொடக் கூடாது. காற்று தோலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

* தினமும் வேலை முடிந்ததும் டேங்கின் அடியிலுள்ள காக்கைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். டேங்கின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.