உமியும் கூட்டும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து வெப்பமின் உற்பத்தி பற்றி ஒரு நோக்கு

1

‘நீ அவல் கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், இரண்டையும் கலந்து ஊதி ஊதித் தின்போம்’ என்னும் பொருள்படும் பழமொழி தமிழ் வழங்கும் இடமெங்கும் அறியப்பட்டதாகும். ஏமாற்றுக் கூட்டைக் கேலிசெய்யும் இப்பழமொழியின் அடியில் ஒரு பொருளாதாரக் கணிப்பு இருப்பது மனங்கொள்ளத்தக்கது. அவலுக்குப் பெறுமதி உண்டு. உமிக்கு இல்லை என்பதே அக்கணிப்பு. உமிக்குப் பெறுமதி வந்துவிடுமாயின் இக்கூட்டிலே யார் யாரை ஏமாற்றுபவர் என்ற வினாவை இக்கட்டுரை எழுப்ப விழைகிறது. பழமொழிகளை உற்பத்தி உறவுகளின் சான்றுகளாக வாசிக்கும் இலக்கிய மாணவனுக்கு இது அந்நியமான வினாவன்று.

வினா எழுந்த சூழல் அண்மையது. 2021 இன் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் சமையல் எரிவாயுச் சிலிண்டரின் விலை 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாக உயர்ந்தது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அடுப்பும் விளக்கும் ஒருசேர அணைந்த அந்நாட்களின் பின்னர், வீடொன்று தனக்கு வேண்டிய வெப்பத்தையும் மின்னையும் ஒரே எரிபொருளிலிருந்து தானே உற்பத்திசெய்துகொள்ள முடியாதா என்று பலரும் கேட்கலாயினர். மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் இதற்கான வீட்டுப் பொறிகள் உள்ளன என்ற செய்தி இக்கேள்விக்கு வலுவூட்டியது. அப்பொறி நமது கரையோரத்துக்குப் பொருந்துமா என்பதை ஆராய்வதற்கு முன், அதன் தத்துவத்தை விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும்.

2

சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் நமது வயல்களுக்கு வரும் வழியை எண்ணிப் பார்ப்போம். இங்கினியாகலையில் அந்நீர் உயரத்திலிருந்து விழுந்து சுமார் 11 மெகாவாற்று வலுவுள்ள மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. சுழற்றியதனால் நீர் அழிந்துவிடுவதில்லை. உயரத்தை மட்டும் இழந்து, கால்வாய்வழி இறங்கி வயல்களை நனைக்கிறது. ஒரே நீர் முதலில் மின்னையும் பின்னர் நெல்லையும் தருகிறது.

வெப்பத்தின் இயல்பும் இத்தகையதே. பிரெஞ்சுப் பொறியியலாளரான சாடி கார்னோ 1824 இல் வெளியிட்ட நூலில், வெப்பம் உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கும்போதே இயக்கத்தைத் தருகிறது என்பதை நீர்வீழ்ச்சியோடு ஒப்பிட்டு விளக்கினார். வெப்பத்தின் ஒரு பகுதி இயக்கமாகவே மாறிவிடுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் எஞ்சும் பெரும்பகுதி தாழ்ந்த வெப்பநிலையில் வெளியேறியே தீரும் என்ற உண்மை நிலைத்து நின்றது. நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கை அண்டிய அளவே மின்னாகிறது. மீதியின் பெரும்பகுதி குளிர்விக்கும் கடல்நீரோடு கலந்து கடலுக்கே போகிறது.

இவ்வாறு வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து இரண்டாவது பயனுக்கு உட்படுத்துவதே கூட்டு வெப்பமின் உற்பத்தி எனப்படும். நன்கமைந்த ஏற்பாட்டில் எரிபொருளின் ஆற்றலில் 80 விழுக்காடு வரை பயன்படும். 1882 இல் நியூயோர்க்கில் எடிசன் நிறுவிய பேர்ள் வீதி மின்நிலையம் அயலிலிருந்த கட்டடங்களுக்கு நீராவியையும் விற்றது. 1924 நவம்பரில் லெனின்கிராட் நகரில் மின்நிலையமொன்றின் வெப்பம் குழாய்வழி அண்டைக் கட்டடத்துக்கு வழங்கப்பட்டமை, சோவியத் நாட்டின் பரந்த நகர வெப்ப விநியோகத்துக்குத் தொடக்கமாயிற்று. 1973 இன் எண்ணெய் நெருக்கடியால் பாதிக்கப்பட்ட டென்மார்க் 1979 இல் வெப்ப வழங்கற் சட்டத்தை இயற்றியது. இன்று அந்நாட்டின் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கின் அளவு பொதுக் குழாய்களிலிருந்து வெப்பம் பெறுகின்றன. தனி வீட்டுக்குரிய சிறுபொறி பின்னர் வந்ததாகும். ஜப்பானில் 2003 இல் ஹொண்டா நிறுவனத்தின் எரிவாயுப் பொறியும், 2009 இல் எரிபொருட்கலத்தால் இயங்கும் ‘எனஃபாம்’ என்ற அமைப்பும் சந்தைக்கு வந்தன.

இவற்றுக்கெல்லாம் பொதுவான நிபந்தனை ஒன்றுண்டு. இறங்கிவரும் வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும் ‘வயல்’ ஒன்று அருகில் இருத்தல் வேண்டும். டென்மார்க்கில் குளிர்கால அறையும், ஜப்பானில் வெந்நீர்த் தொட்டியும் அவ்வயலாக அமைந்தன.

3

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ உள்ள சாதாரண வீடொன்றில் அவ்வயல் எது? கணக்கிற்காக அவ்வீடு நாளொன்றுக்கு 3 அலகு மின் பயன்படுத்துகிறது எனக் கொள்வோம். மேற்குறித்த ஜப்பானியப் பொறி 1 கிலோவாற்று மின்னுடன் ஏறக்குறைய 3 கிலோவாற்று வெப்பத்தையும் தரவல்லது. 3 அலகு மின்னுக்காக அது மூன்று மணித்தியாலம் இயங்கும்போது, 28 பாகை நீரில் 240 லீற்றரை 60 பாகைக்குச் சூடாக்கப் போதுமான வெப்பம் கூடவே பிறக்கும். கடற்காற்றிலும் வியர்க்கும் நமது ஊர்களில் இவ்வளவு வெந்நீரை நாள்தோறும் ஊற்றுவதற்கு இடமேது?

அவ்வெப்பத்தால் சமைக்கலாமே என்று கேட்கலாம். இங்குதான் வெப்பத்தின் அளவோடு அதன் தரமும் முக்கியத்துவம் பெறுகிறது. பொறியின் குளிர்நீர் 70, 80 பாகையில் வெளிவருவது. சோறு வேக 100 பாகை வேண்டும். பொரிப்பதற்கு அதனினும் மிக அதிகம். ஆகவே பொறி இயங்கினாலும் அடுப்பு தனியாக எரிந்தே ஆகும். எரிபொருட் செலவை நோக்குமிடத்தும் இதே முடிவே கிடைக்கிறது. 3 அலகு மின்னுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எரிவாயு செலவாகும். மாதத்துக்கு இரண்டரைச் சிலிண்டருக்கும் மேல் என்பது இதன் பொருள். 2022 ஏப்பிரல் விலையில் அது 12,000 ரூபாவைத் தாண்டும். அந்நியச் செலாவணியால் வாங்கப்படும் எரிவாயுவை நம்பிய ‘தன்னிறைவு’ வெறும் சொல்லளவினதே.

வீட்டுக்கு மின் மட்டுமே வேண்டுமெனின் கூரையிலே சூரியத்தகடு பொருத்துவதே எளிது. 2016 இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் தொடங்கிய பின்னர் பலரும் அவ்வழியை நாடினர். ஆனால் மின்கலமின்றி வலையமைப்போடு இணைக்கப்பட்ட சாதாரண சூரிய அமைப்பு, மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். இரவில் அது தருவதும் எதுவுமில்லை. அன்றியும் கூரை தனக்கெனச் சொந்தமில்லாத வாடகைக் குடும்பத்துக்கும், 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கும் அவ்வழி எளிதிற் திறக்காது.

4

எனவே வெப்பத்தை ஏற்கும் வயலை வீட்டுக்கு வெளியே தேடுதல் வேண்டும். அது நமது கண்முன்னேயே உள்ளது. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் அரிசி ஆலைகளே அவை.

புழுங்கலரிசிக்கு நெல்லை 60, 70 பாகை வெந்நீரில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்துதல் வேண்டும். வீட்டில் ஏற்க ஆளில்லாதிருந்த அதே தாழ்தர வெப்பமே இங்கு தேவைப்படுகிறது. நெல் அவித்தல் முன்னர் முற்றத்து வேலையாகவும் பெரும்பாலும் பெண்களின் கூலியற்ற உழைப்பாகவும் இருந்தது. அது ஆலைக்கு இடம்பெயர்ந்தபோது வீட்டின் வெப்பத்தேவையில் ஒரு பெரும்பகுதியும் அதனோடு இடம்பெயர்ந்தது எனலாம். சமையலும் விளக்கும் வீட்டில் நின்றுவிட, உணவு உற்பத்தியின் வெப்பம் ஆலையில் திரண்டுவிட்டது.

ஒரு தொன் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 200 கிலோகிராம் உமி கிடைக்கும். கிலோகிராமுக்கு 13 மெகாயூல் எனக் கொண்டால் இதன் ஆற்றல் 2,600 மெகாயூல். உமியை வாயுவாக்கிப் பொறியில் எரிப்பின், 2 கிலோகிராமுக்கு 1 அலகு வீதம் 100 அலகு மின் பெறலாம். இது 360 மெகாயூல். எஞ்சியதில் பாதியைப் பிடித்துக்கொண்டாலும் 1,100 மெகாயூல் வெப்பம் கைக்கு வரும். ஊறல், அவித்தல், உலர்த்தல் மூன்றுக்குமாக ஒரு தொன்னுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 1,000 மெகாயூலே. ஆலையின் இயந்திரங்களுக்கு 40 அலகு ஒதுக்கினால் 60 அலகு மிஞ்சும். நாளொன்றுக்கு 10 தொன் அவித்துக் குற்றும் ஆலை, நாளுக்கு 3 அலகு பயன்படுத்தும் 200 வீடுகளுக்கு மின் கொடுக்கக்கூடும் என்பதே இக்கணக்கின் முடிவு.

இன்றைய நடைமுறை இதற்கு மாறானது. பல ஆலைகளில் உமி உலையில் எரிக்கப்பட்டு, பல நூறு பாகைத் தீயால் 70 பாகை வெந்நீர் பெறப்படுகிறது. அதே வேளையில் இயந்திரங்களுக்கான மின் வெளியிலிருந்து விலைக்கு வாங்கப்படுகிறது. இங்கினியாகலையில் சுழலி இல்லாமல் நீரை வீணே விழவிடுவதற்கு இது ஒப்பாகும்.

இதற்கு மாற்றான முன்மாதிரி புதியதன்று. கரும்புச் சக்கையை எரித்து உயரழுத்த நீராவி எடுத்து, அதனால் சுழலியை இயக்கி, வெளியேறும் நீராவியால் சாற்றைக் காய்ச்சுவது உலகெங்கும் சீனி ஆலைகளின் பொதுமுறையாகும். நமது மாவட்டத்தின் ஹிங்குரானையிலும் சீனி ஆலை உண்டு. உமியைப் பொறுத்தவரையில், 2007 இல் பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்துத் தம்குஹா கிராமத்தில் உமிவாயுவால் வீடுகளுக்கு மின் வழங்கும் முயற்சி தொடங்கியது. நெல் அல்லாத தொழிலுக்கும் இது பொருந்தும். மருதமுனையின் கைத்தறிக்கு நூல் சாயமிட வெந்நீர் வேண்டும். வெப்பத்தைத் தூரம் கொண்டுசெல்ல முடியாது. ஆனால் உமியைக் கொண்டுசெல்லலாம்; சாயத்தொட்டியின் அருகிலேயே பொறியை நிறுவலாம்.

இடர்ப்பாடுகளையும் மறைத்தலாகாது. உமிச் சாம்பலில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா இருப்பதால் அது குழாய்களை அரிக்கும். அதன் நுண்தூசு தொழிலாளரின் நுரையீரலுக்குக் கேடு. வாயுவைக் கழுவிய தார்நீரைத் தோணாவிலோ வாய்க்காலிலோ விடுவது பெருந்தீங்காகும். பெரும்போகம், சிறுபோகம் என அறுவடை பருவத்தைச் சார்ந்திருப்பதால் உமியைச் சேமித்துவைக்கும் கொட்டகைகளும் வேண்டும். இவை தீர்க்கக்கூடிய சிக்கல்களே. ஆயினும் தீர்ப்பதற்குச் செலவுண்டு. அச்செலவைத் தனி வீடு தாங்காது.

5

இவ்விடத்திலே தொழில்நுட்ப வினா சமூக வினாவாக மாறுகிறது. 1894 இல் எங்கெல்ஸ் வெளியிட்ட ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் உற்பத்தியின் கழிவுகளைப் பற்றித் தனியே ஆராய்கிறார். சிதறிக்கிடக்கும் கழிவு, பேரளவு உற்பத்தியில் ஓரிடத்தே திரளும்போதுதான் மீண்டும் உற்பத்திக்குள் நுழையும் பொருளாகிறது என்பது அவர் கருத்து. உமியின் கதை இதற்குத் தக்க உதாரணம். முற்றத்திலே குற்றியபோது அது வீட்டுக்கு வீடு கைப்பிடி உமி. ஆலையிலே அது மலையாகக் குவிகிறது. குவிந்த கணத்தில் பெறுமதி பெறுகிறது. பெறுமதி பெற்ற கணத்தில் அது யாருடையது என்ற வினா பிறக்கிறது.

நெல்லைக் கொண்டுவருபவர் விவசாயி. அரிசியை அவர் எடுத்துச் செல்ல, உமி பெரும்பாலும் ஆலையிலேயே தங்குகிறது. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலான உறவுகள் நிலத்தில் நிலவிய காலத்தில் பிரச்சினை வாரத்தைப் பற்றியதாயிருந்தது. 1958 இன் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் பாதுகாப்பையே தன் கருத்திற்கொண்டது. இன்று உபரி வயலில் மட்டுமன்றி ஆலை முற்றத்திலும் பிரிக்கப்படுகிறது. உமி மின்னாகுமாயின் அப்பிரிப்பு மேலும் கூர்மையடையும். ஆலை உடைமையாளர் மின்னைப் பொதுவலையமைப்புக்கு விற்று ஆதாயம் காண, அவ்வுமியைத் தந்தவர் இருளில் மின்கட்டணம் செலுத்தும் நிலை உருவாகலாம். அப்போது பழமொழி தலைகீழாகும். அவல் கொண்டுவந்தவரிடமிருந்து உமியும் பறிபோகும்.

இதற்கு மாற்று, கூட்டு என்ற சொல்லை அதன் முழுப்பொருளில் எடுத்துக்கொள்வதே. நெல் தந்த அளவுக்கு உமியின் பங்கும், உமியின் பங்குக்கு மின்கட்டணக் கழிவும் எழுத்திற் பதியப்படுதல் வேண்டும். 1957 முதல் நாடெங்கும் அமைந்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பல குறைபாடுகளைக் கண்டவையாயினும், பொறியை ஆலையோடு பொருத்தி விவசாயிகளையும் ஆலைத் தொழிலாளரையும் சாயத் தொழிலாளரையும் உறுப்பினராக்கும் அமைப்புக்கு அவற்றைவிட அண்மைய வடிவம் நம்மிடமில்லை. ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் ஒரே ஓர் ஆலையில் ஒரு போகத்துக்கேனும் உமியையும் வெப்பத்தையும் மின்னையும் அளந்து கணக்கிடுமாயின், மேலே காட்டிய மதிப்பீடு உறுதிப்படும் அல்லது திருத்தம் பெறும்.

வீட்டுக்கு ஒரு பொறி என்ற கனவு, ஒவ்வொரு வீட்டையும் தனித்த நுகர்வோராகக் காணும் சந்தையின் கனவாகும். நமது தட்பவெப்பமும் நமது உணவும் அதற்கு இடந்தரவில்லை. ஊருக்கு ஒரு பொறி என்பதற்கு அவை இடந்தருகின்றன. அப்பொறியைச் சுழற்றும் உமி விவசாயியின் நெல்லிலிருந்து வந்தது என்பதைக் கணக்கேட்டின் முதல் வரியில் எழுதுவதிலிருந்தே அம்முயற்சி தொடங்குதல் வேண்டும்.