பறையும் ஆசானும்

ஆரணி பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற நகரம். அந்நகரின் நெசவாளர் தெருக்களில் நடந்து செல்வோர் செவியில் விழுவது தறியின் ஒலியாகும். மிதி தாழ்ந்து எழுவதும், நாடா ஓடுவதும், ஊடை இழையை அடித்து நெருக்குவதும் ஒரே கணக்கில் நிகழ்கின்றன. இக்கணக்கை நெசவாளர் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். மூத்தவர் கையைக் கண்டு இளையவர் கை பழகியது. தாளம் இவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் செல்வமாகும்.

தறிக்குப் பொருந்தும் இவ்வுண்மை பறைக்கும் பொருந்தும். ஆயினும், பறையைக் கற்பித்தவரை ஆசான் என்று மதிக்க நம் சமுதாயம் நெடுங்காலம் மறுத்தது. அப்பிழை திருந்தி வரும் வகையை இப்பாடத்தில் அறிவோம்.

பறை தமிழரின் தொன்மையான இசைக்கருவி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் பறையையும் சேர்த்து எண்ணுகின்றது. ‘பறைதல்’ என்னும் சொல்லுக்குச் ‘சொல்லுதல்’ என்பது பொருள். செய்தியை ஊரார்க்கு அறிவித்த கருவிக்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தமானது!

பறையின் அமைப்பு எளியது. வில்போல் வளைந்த மூன்று மரத்துண்டுகளை உலோகப் பட்டைகளால் பிணைத்து வட்டச் சட்டம் ஆக்குவர். பதப்படுத்திய தோலை அதன்மேல் இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். ஒரு கையில் குட்டையான தடித்த குச்சியும், மறு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் கொண்டு முழக்குவர். முழக்குமுன் பறையைத் தீயில் காய்ச்சுவதும் உண்டு. சூட்டினால் தோல் இறுக, ஒலி கணீரென்று எழும்.

இத்தகைய கருவி இழிவுக்கு உள்ளானது ஏன்? குற்றம் கருவியினது அன்று, சாதியினது. தோலைத் தொடுவதும், சாவு வீட்டில் பறை முழக்குவதும் ஒரு சாராரின் கட்டாயக் கடமை என விதித்தனர். பின்பு அக்கடமையைக் காட்டியே அவர்களைத் தாழ்த்தினர். ஒலியை விரும்பியவர்கள் ஒலித்தவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். அதனால் மானமுள்ள இளைஞர் பலர், பறையே வேண்டா என்று அதனைக் கீழே வைத்தனர். அவர்கள் செயல் நியாயமானதே. ஆயினும், கற்பார் இன்றேல் கலை அழியுமன்றோ?

இந்நிலையில் சில ஆசான்கள் வேறொரு வழியைக் கண்டனர். இழிவை விட்டொழிப்போம், கலையை விடோம் என்பதே அவ்வழி. மதுரையை அடுத்த அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான், பறையைப் பலருக்கும் கற்பித்து வருபவர். 2025-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. திண்டுக்கல்லில் சந்திரா என்னும் அருட்சகோதரியார் தொடங்கிய சக்தி கலைக்குழு, ஆடவர்க்கே உரியதாய் இருந்த பறையை ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்களின் கையில் கொடுத்தது. ஆசான் அடியை வாயால் சொல்லிக் காட்டுவார். மாணவர் அதனைத் திருப்பிச் சொல்வர். பின்பே குச்சி தோலைத் தொடும். அடியோடு காலடியும் சேர்ந்தால் அது பறையாட்டம் ஆகும். வட்டமாக நின்று ஆடுகையில் ஒருவர் கை பிழைத்தாலும் அனைவர் தாளமும் குலையும். ஆதலின், உடன் நிற்பவருக்குச் செவி கொடுப்பதே முதற்பாடம்.

கடல் கடந்த நாடொன்றிலும் இதனையொத்த வரலாறு உண்டு. ஆரணியைப் போலவே பட்டினால் பேர்பெற்றது, ஜப்பானில் உள்ள ஒக்காயா என்னும் ஊர். 1951-ஆம் ஆண்டில் அவ்வூரில் தைஹாச்சி ஒகுச்சி என்பவர், ‘தைக்கோ’ எனப்படும் பெருமுரசுகள் பலவற்றை ஒருங்கே முழக்கும் குழுவைத் தோற்றுவித்தார். அதற்குமுன் கோயிலிலும் கூத்திலும் துணையாக ஒலித்த முரசு, பின்னர்த் தனியே அரங்கேறியது. 1968-இல் செயிச்சி தனாகா என்பவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தைக்கோப் பள்ளி நிறுவினார். இன்று பல நாடுகளில் சிறியோரும் முதியோரும் அதனைப் பயில்கின்றனர். அங்கும் பாடம் வாய்ச்சொல்லில் தொடங்குகிறது. நடுத்தோலில் விழும் அடி ‘தொன்’. விளிம்பில் விழும் அடி ‘கா’.

அந்நாட்டிலும் தோல்தொழில் செய்தோர் தாழ்த்தப்பட்டனர். அரங்கில் முரசைப் புகழ்ந்தவர்கள், அதனைச் செய்தவரை ஒதுக்கினர். ஒசாக்கா நகரின் நனிவா பகுதி, முரசு செய்வோர் வாழ்ந்த இடம். அப்பகுதி இளைஞர், தம் முன்னோர் செய்த முரசைத் தாமே முழக்க எண்ணி 1987-இல் ஒரு குழு அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘இக்காரி’. ‘சினம்’ என்பது அதன் பொருள்.

மாணவர்களே! இன்று தமிழகத்து மேடைகளில் பறை ஒலிக்கக் கேட்டு மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி மட்டும் போதாது. தோல் பதப்படுத்தியவர் கையையும், சட்டம் வளைத்தவர் கையையும், இகழ்ச்சிக்கு நடுவிலும் அடிகளை மறவாது காத்த முதியவர் கையையும் நாம் மதித்தல் வேண்டும். பட்டைப் போற்றி நெசவாளியை மறப்பது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு பறையைப் போற்றிப் பறைக்கலைஞரை இகழ்வது. கருவிக்குத் தரும் சிறப்பைக் கலைஞர்க்கும் தருவோமாக!